வேலூரிலிருந்து போலீஸ், ஜெயில், செக்யூரிட்டி லைனுக்கு: இரண்டு வருஷத்தை எப்படிச் செலவழிப்பது?

நியூஜெர்சியில் இருக்கிற என் சித்தப்பா மகன், தன் மூத்த பையனை அங்கே பக்கத்து ஊர் கம்யூனிட்டி காலேஜில் ‘கிரிமினல் ஜஸ்டிஸ்’ இரண்டு வருஷப் படிப்பில் சேர்த்திருப்பதாகப் போனில் சொன்னான். அதே வாரம் பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு அக்கா தன் பையனைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். பிளஸ் டூ முடித்தவன், நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். “இந்த மாதிரி ஏதோ கோர்ஸ் இரண்டு வருஷம் படிச்சா நேரா எஸ்.ஐ. ஆயிடலாமாமே தம்பி? செல்லுல வீடியோ காட்டறான்” என்றார்.

ஆக முடியாது, அக்கா. ஆனால் அந்த இரண்டு வருஷத்தை ஒழுங்காகச் செலவழித்தால் வேறு நாலு வழி திறக்கும். அன்று திண்ணையில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதைத்தான் விவரமாக எழுதுகிறேன். நான் குற்றவியலில் முதுகலை படித்தவன். எஸ்.ஐ. உடல் தேர்வில் கயிறு ஏறுவதில் தோற்றவன். இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் செக்யூரிட்டி ஷிப்ட் இன்சார்ஜ். டியூட்டி இல்லாத சாயங்காலங்களில் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிடுகிறேன். இந்த லைனின் மேடு பள்ளம் ஓரளவு தெரியும்.

முதலில் அமெரிக்கக் கதையை முடித்துவிடுவோம். அங்கே ஒவ்வொரு ஊரும் கவுண்டியும் தனக்கென்று போலீஸ் வைத்துக்கொண்டு, தானே ஆள் எடுக்கிறது. சில இடங்களில் கொஞ்சம் கல்லூரிப் படிப்பு கேட்பார்கள். அதனால் சுமார் 60 கிரெடிட் உள்ள இரண்டு வருஷ ‘அசோசியேட் டிகிரி’க்கு அங்கே மதிப்பு உண்டு, விருப்பமிருந்தால் அதை வைத்து நாலு வருஷப் படிப்பின் மூன்றாம் வருஷத்தில் சேரலாம். நம் ஊரில் ஏற்பாடே வேறு. மாநிலம் முழுக்க ஒரே தேர்வு வாரியம். முதலில் தேர்வு, பிறகுதான் பயிற்சி, அதுவும் சம்பளத்தோடு. காவலர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும், எஸ்.ஐ.க்கு ஏதாவது ஒரு டிகிரி. ‘குற்றவியல் படித்தவர்தான் வேண்டும்’ என்று இந்த இரண்டுக்கும் யாரும் கேட்பதில்லை. இது புரியாமல் லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டி ‘போலீஸ் சயன்ஸ் டிப்ளமோ’ வாங்கி வைத்திருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

முதல் படி: எந்தக் கதவு என்று முடிவு பண்ணுங்கள்

படிப்பை அப்புறம் பார்க்கலாம். வேலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி, இந்தத் துறையின் எல்லாக் கதவுகளும் பஸ் போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. தொரப்பாடியில் மத்திய சிறையும் பெண்கள் தனிச்சிறையும். அங்கேயே சிறை அதிகாரிகளுக்கான பயிற்சி நிறுவனம், ‘ஆப்கா’ என்பார்கள், 1979இல் தொடங்கியது. தென் மாநிலங்களின் ஜெயில் அதிகாரிகள் இங்கே வந்துதான் பயிற்சி எடுக்கிறார்கள். (அங்கே மாணவராகச் சேரலாமா என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. முடியாது, வேலை கிடைத்தவர்களுக்கு மட்டும்தான்.) சேவூரில் சிறப்புக் காவல் படை பட்டாலியன். சத்துவாச்சாரியில் கோர்ட் வளாகம். அரசு சட்டக் கல்லூரி உண்டு, வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் உண்டு. அரக்கோணம் பக்கம் போனால் தக்கோலத்தில் சி.ஐ.எஸ்.எஃப். (மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை) பயிற்சி மையம், பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன். கம்மவான்பேட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வீட்டுக்கு ஒரு ராணுவக்காரர் என்று பேர் எடுத்த ஊர். பழைய வடாற்காடு ஜில்லாவில் காக்கி என்பது தாத்தா காலத்துப் பழக்கம்.

இதில் உங்களுக்கு எது? ஓடவும் கயிறு ஏறவும் உடம்பு இருந்தால் இரண்டாம் நிலைக் காவலர், ஜெயில் வார்டர், தீயணைப்பாளர். இந்த மூன்றுக்கும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஒரே பொதுத் தேர்வுதான் வைக்கிறது. டிகிரி இருந்தால் எஸ்.ஐ. ஊரை விட்டுப் போகத் தயார் என்றால் மத்தியப் படைகளின் காவலர் வேலைக்கான எஸ்.எஸ்.சி. ஜி.டி. தேர்வு, சி.ஐ.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப்., எல்லைப் பாதுகாப்புப் படை எல்லாம் அதில் வரும். 2024இலிருந்து அதைத் தமிழிலும் எழுதலாம் என்பது நம் பிள்ளைகள் பலருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. சீருடை வேண்டாம், மனிதர்களோடு வேலை வேண்டும் என்றால் நன்னடத்தை அலுவலர், அதாவது ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடப்பட்டவர்களைக் கண்காணிப்பவர். 1958ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் வருகிற பதவி அது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 பட்டியலில் வரும், யாரும் கவனிப்பதில்லை. லேப் பக்கம் ஆசை என்றால் தடய அறிவியல். அதற்கு இளங்கலையே அறிவியலில் இருக்க வேண்டும், பி.காம். முடித்துவிட்டு வந்து கேட்டால் நான் என்ன செய்வேன்?

இரண்டாம் படி: படிப்பு

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு என் கருத்து இதுதான்: உள்ளூரில் ஒரு சாதாரண டிகிரி எடுங்கள். ஊரிசு, முத்துரங்கம், பெண்களுக்கு டி.கே.எம்., ஆக்ஸிலியம் என்று எத்தனையோ இருக்கின்றன. தமிழ், வரலாறு, பொருளாதாரம், எதுவானாலும் சரி. தமிழ் வழியில் படித்தால் கூடுதல் நன்மை, அதைப் பின்னால் சொல்கிறேன். சேர்ந்த முதல் வாரமே என்.சி.சி.யில் பெயர் கொடுங்கள், இடம் இல்லையென்றால் என்.எஸ்.எஸ். வாரியத் தேர்வில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குத் தனி மதிப்பெண் உண்டு. கட்-ஆஃப் அரை மார்க்கில் நிற்கிற தேர்வு இது.

குற்றவியலை முறையாகப் படிக்க வேண்டுமென்றால் அதற்கான இடம் இளங்கலைக்குப் பிறகு வரும் இரண்டு வருஷ முதுகலைதான். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் தனித் துறையே இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் நீதி முதுகலை டிப்ளமோ உண்டு. வெளி மாநிலம் போக முடிந்தால் காந்திநகரில் ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகமும் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமும். இரண்டும் 2020இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அந்தஸ்து கொடுத்தவை.

இந்த முதுகலையில் என்னதான் சொல்லிக் கொடுப்பார்கள்? மனிதன் ஏன் குற்றம் செய்கிறான் என்ற கோட்பாடுகள். 1764இல் இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா ‘தண்டனை கடுமையாக இருப்பதைவிட நிச்சயமாக இருக்க வேண்டும்’ என்று வாதாடியதிலிருந்து, கோட்டு சூட்டு போட்டவர் செய்கிற குற்றத்துக்கு அமெரிக்க ஆய்வாளர் சதர்லேண்ட் ‘வெள்ளைக் காலர் குற்றம்’ என்று பெயர் வைத்தது வரை. அப்புறம் தண்டனையியல், பாதிக்கப்பட்டோரியல், காவல் நிர்வாகம், தடய அறிவியல் அறிமுகம், ஆய்வு முறை, கொஞ்சம் புள்ளியியல். புள்ளியியலில் அரியர் வைக்காதவர் குறைவு. ஆனால் படிப்பின் உயிர் களப்பணியில்தான் இருக்கிறது. சிறை, கேஸில் சிக்கிய சிறுவர்களை வைக்கிற கூர்நோக்கு இல்லம், காவல் நிலையம் என்று அழைத்துப் போவார்கள். கூர்நோக்கு இல்லத்தில் பதினைந்து வயசுப் பையன் ஒருவன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, “அண்ணா, எங்க அம்மாவுக்கு போன் பண்ண முடியுமா?” மண்டையோட்டை வைத்தே குற்றவாளியை அடையாளம் காணலாம் என்ற லொம்ப்ரோசோவின் ஆராய்ச்சியெல்லாம் எனக்கு அந்த நிமிஷத்தோடு மறந்துபோனது.

இந்தப் படிப்புக்குப் பிறகு குழந்தைகள் பாதுகாப்பு, கைதிகள் மறுவாழ்வு, சைபர் மோசடி விசாரணை உதவி, பெரிய நிறுவனங்களின் உள் விசாரணை என்று வேலை கிடைக்கும். காவலர் வேலைக்காக மட்டும் இதைப் படிக்கிறேன் என்றால் வேண்டாம். அந்த இரண்டு வருஷத்தை மைதானத்துக்கும் சமச்சீர் புத்தகத்துக்கும் கொடுங்கள்.

மூன்றாம் படி: காசில்லாத வகுப்பறை

எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், மாதத்தில் ஒரு நாள் சத்துவாச்சாரி கோர்ட்டுக்குப் போய் உட்காருங்கள். விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும்; அமைதியாக இருந்தால் யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். செல்லை அணைத்துவிட்டுப் பின் பெஞ்சில் இடம் பிடியுங்கள். டவாலி பெயரை மூன்று முறை கூப்பிடுவார். ஆள் வராவிட்டால் என்ன ஆகிறது, வக்கீல் எப்படி வாய்தா வாங்குகிறார், கோர்ட் டியூட்டி பார்க்கிற காவலர் கையில் கேஸ் கட்டுக்களை வைத்துக்கொண்டு எத்தனை ஹாலுக்கு ஓடுகிறார், சாட்சிக் கூண்டில் நிற்கிற பெட்டிக்கடைக்காரருக்கு எப்படி நாக்கு உலர்ந்துபோகிறது என்று பாருங்கள். சம்பவ இடத்தில் சாட்சிகளை வைத்துப் போலீஸ் எழுதுகிற மகஜரில் நேரம் தப்பாக எழுதியதால் ஒரு திருட்டுக் கேஸ் என் கண் முன்னால் ஆட்டம் கண்டது. காலை பதினொன்றே கால் என்பது ஓரிடத்தில், மாலை நாலு என்பது இன்னோரிடத்தில். குறுக்கு விசாரணை செய்த வக்கீல் குரலைக்கூட உயர்த்தவில்லை.

அதோடு சட்டம். 2024 ஜூலை 1 முதல் மூன்று புதுச் சட்டங்கள். 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, 511 பிரிவுகள் 358 ஆயின. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 531 பிரிவு. சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம், 170 பிரிவு. கொலைக்கு 302 போய் 103. திருட்டுக்கு 379 போய் 303. ஏமாற்றுக்காரனை ஊர் இன்னும் ‘ஃபோர் ட்வென்டி’ என்றுதான் திட்டுகிறது, சட்டத்தில் அவன் 318(4). பழைய புத்தகத்தைப் பாதி விலைக்குக் கொடுக்கிறார்களே என்று வாங்கி ஏமாறாதீர்கள். அதே சமயம் பழைய எண்களை மறந்துவிடவும் கூடாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்கள் இன்றும் பழைய சட்டத்தில்தான் விசாரிக்கப்படுகின்றன.

புது நடைமுறைச் சட்டத்தில் மூன்றை மட்டும் முதலில் நன்றாகப் படியுங்கள். பிரிவு 173: எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும்; இணையம் வழி கொடுத்த புகாரில் மூன்று நாளுக்குள் வந்து கையெழுத்திட வேண்டும். பிரிவு 176(3): ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து வருஷம் கொடுத்திருக்கிறார்கள். தடய அறிவியல் படிக்கலாமா என்று யோசிப்பவர்கள் இந்த ஒரு உட்பிரிவை நாலு தடவை படிக்கலாம். பிரிவு 187: ரிமாண்ட் (கைதானவரைக் காவலில் வைப்பது), குற்றப்பத்திரிகைக்கு 60 நாள், 90 நாள் கெடு. கூடவே, புகார் கொடுத்தால் முதலில் கைக்கு வருகிற சி.எஸ்.ஆர். ரசீதுக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் என்ன வித்தியாசம் என்று ஏதாவது ஒரு ஸ்டேஷன் ரைட்டரைத் தெரிந்தால் கேளுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் அரை மணி நேரம் வகுப்பே எடுப்பார்.

நான்காம் படி: எழுத்துத் தேர்வு

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் முதல் பகுதி தமிழ்த் தகுதித் தேர்வு. 80 கேள்வி, 80 மார்க், 40 சதவீதம் எடுத்தே ஆக வேண்டும். இதில் தேறினால்தான் அடுத்த தாளையே திருத்துவார்கள், ஆனால் இந்த மார்க் தரவரிசைக்கு வராது. இரண்டாம் பகுதிக்கு 70 மார்க்: பொது அறிவு 45, உளவியல் 25. எல்லாம் பத்தாம் வகுப்புத் தரம். ஆறு முதல் பத்து வரை சமச்சீர் புத்தகங்களை வரி விடாமல் படித்தவர் முன்னால் கோச்சிங் சென்டர் மெட்டீரியல் நிற்காது. உளவியல் என்றவுடன் பயப்பட வேண்டாம், எண் தொடர், தர்க்கம், தகவலைப் படித்துப் பதில் சொல்வது இவ்வளவுதான். பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் இதை மனப்பாடம் செய்ய முடியாது. தினம் 20 கணக்கு, கடிகாரம் வைத்துப் போடுங்கள்.

ஐந்தாம் படி: உடம்பு

ஆண்களுக்கு 170 செ.மீ. உயரம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159, அதே பிரிவினருக்கு 157. ஆண்களுக்கு மார்பு 81, விரித்தால் இன்னும் 5 கூட வேண்டும். ஓட்டம் ஆண்களுக்கு 1500 மீட்டர் ஏழு நிமிஷத்தில், பெண்களுக்கு 400 மீட்டர் இரண்டரை நிமிஷத்தில். 1500 மீட்டர் ஏழு நிமிஷம் என்பது கேட்கச் சுலபம். மே மாத வேலூர் வெயிலில் காலை பத்து மணிக்கு வரிசையில் நின்று களைத்த பிறகு ஓடினால் தெரியும். பாலாற்று மணலில் வாரம் இரண்டு நாள், தார் ரோட்டில் வேண்டாம், மற்ற நாள் மண் மைதானம். மணலில் ஓடிய கால் மைதானத்தில் தானாகப் போகும்.

இனி என் எதிரியான கயிறு. 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டருக்கு இரண்டு. ஸ்டார்தான் பிறகு மார்க்காகும். நான் கை பலத்தை நம்பினேன். மூன்றரை மீட்டரில் முன்கை இறுகிப் பாறையாகிவிட்டது, கீழே வந்தபோது உள்ளங்கை தோல் கயிற்றிலேயே இருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காத விஷயம் இது: கயிறு ஏறுவது காலால். கயிற்றை வலது தொடைக்கு வெளியே விட்டு, வலது பாதத்துக்கு அடியில் சுற்றி எடுத்து, இடது பாதத்தால் அதன்மேல் மிதித்துப் பூட்டுங்கள். பூட்டு விழுந்தால் உடம்பு எடையைக் காலே தாங்கிவிடும். முழங்காலை மார்பு வரை இழுத்து, பூட்டி, நின்று, கையை மேலே மாற்றுங்கள். ஆறு பூட்டில் மேலே போகலாம். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இந்தப் பூட்டை மட்டும் இரண்டு வாரம் பழகிய பிறகுதான் என் பிள்ளைகளை நான் ஏற விடுகிறேன்.

நீளம் தாண்டுதலில் ஆண்களுக்கு 3.80 மீட்டருக்கு ஒரு ஸ்டார், 4.50க்கு இரண்டு, 100 மீட்டரை 15 விநாடியில் ஓடினால் ஒன்று, 13.5இல் இரண்டு. எஸ்.எஸ்.சி. ஜி.டி. பக்கம் போகிறவர்களுக்குக் கதை வேறு, ஆண்களுக்கு 5 கிலோமீட்டர் 24 நிமிஷம்.

ஆறாம் படி: காகிதமும் கேஸும்

பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழைப் பள்ளியில் இப்போதே வாங்கி வையுங்கள். 20 சதவீத ஒதுக்கீடு அதில் இருக்கிறது. எஸ்.ஐ. என்றால் பத்து, பன்னிரண்டு, டிகிரி மூன்றுக்கும் வேண்டும். நான் படித்த பள்ளியில் இதற்காக நாலு முறை அலைந்தேன், ‘ஹெச்.எம். மீட்டிங்’, ‘கிளார்க் லீவ்’, ‘சீல் இல்லை’, கடைசியில் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. சாதிச் சான்று, ஆதார், மார்க் ஷீட் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது கேஸ். இதை நான் கத்திச் சொல்வேன். தை பிறந்தால் நம் பக்கம் எருது விடும் விழா. அனுமதி இல்லாமல் விட்டார்கள், தள்ளுமுள்ளு ஆனது, கூட்டத்தில் நின்ற இருபது பேர் மேல் எஃப்.ஐ.ஆர். என்று முடிந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. தமிழ்நாடு காவல் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்யப்பட்டவரைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு செல்ஃபி வீடியோவால் எட்டு மாத ஓட்டம் வீணாகிவிடும். கேஸ் ஏற்கெனவே இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், மறைத்தது தெரிந்தால் அதுவே தனிக் காரணமாகிவிடும். நல்ல வக்கீலைப் பாருங்கள்.

ஏழாம் படி: காத்திருக்கும் காலத்தில் செக்யூரிட்டி வேலை

அறிவிப்பு வரும் வரை வீட்டில் சும்மா இருக்க முடியாது. ஆஸ்பத்திரி, கல்லூரி, ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர் தோல் கம்பெனிகள் என்று நம் பக்கம் செக்யூரிட்டிக்கு ஆள் தேவை எப்போதும் உண்டு. தாத்தாக்கள் பார்க்கிற வேலை என்று இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் 2005ஆம் வருஷத்துத் தனியார் பாதுகாப்பு நிறுவன ஒழுங்குமுறைச் சட்டம் இதை ஒரு தொழிலாகவே பார்க்கிறது. ஏஜென்சிக்கு லைசென்ஸ் வேண்டும். செக்யூரிட்டி காவலருக்கு வயசு 18 முதல் 65. வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று மாதிரி விதிகள் சொல்கின்றன. முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் மட்டும் இது குறைவு. நிஜத்தில் பல இடங்களில் சட்டையும் விசிலும் கொடுத்து அன்றைக்கே கேட்டில் நிறுத்திவிடுகிறார்கள்.

சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். லைசென்ஸ் நகல் இருக்கிறதா? டியூட்டி எட்டு மணி நேரமா, பன்னிரண்டா, கூடுதல் நேரத்துக்குக் காசு உண்டா? பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எந்த மாதத்திலிருந்து? நான் முதலில் சேர்ந்த ஏஜென்சி ஒன்பது மாதம் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தது, கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை. பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வாங்கி மாதா மாதம் செல்லிலேயே பாஸ்புக் பார்க்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

வேலையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. காலை ஆறு மணி ஷிப்ட் மாறும்போது ரிஜிஸ்டரைக் கை மாற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘எல்லாம் சரி’ என்று எழுதுகிறவர் காலத்துக்கும் கேட்டிலேயே நிற்பார். ‘02.40, பின் கேட், ஆம்புலன்ஸ் உள்ளே, நம்பர் சரிபார்த்தேன், 03.15, இரண்டாம் மாடி தீயணைப்பான் சீல் உடைந்திருக்கிறது, இன்சார்ஜுக்குச் சொன்னேன்’ என்று எழுதுகிற பையனை ஆறு மாதத்தில் சூப்பர்வைசர் ஆக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ராத்திரி மூன்று மணிக்கு ஐ.சி.யூ. வாசலில் அழுதுகொண்டே சண்டைக்கு வருகிற உறவினரை எப்படி உட்கார வைப்பது என்பதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. குரலைத் தாழ்த்தி, கையைக் கட்டாமல், “அண்ணா, தண்ணி குடிங்க முதல்ல” என்று ஆரம்பிக்க வேண்டும்.

பள்ளிகொண்டா பையன் முத்துரங்கத்தில் வரலாறு சேர்ந்திருக்கிறான், என்.சி.சி.யிலும் இடம் கிடைத்துவிட்டது. 1500 மீட்டரை இப்போது ஏழு நிமிஷம் பத்து விநாடியில் ஓடுகிறான். கயிற்றில் கால் பூட்டு இன்னும் வழுக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.